‘டிக் டிக்’ என்று தட்டும் ஹார்ட் டிஸ்க்கை மறுபடி செருகாதீர்கள்

சிறு நகரம் ஒன்றில் கணவரோடு சேர்ந்து போட்டோ ஸ்டுடியோ நடத்தும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

நான்கு நாளைக்கு முன், காப்பி ஓடிக்கொண்டிருந்தபோது வயர் காலில் மாட்டி, 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் மேஜையிலிருந்து டைல்ஸ் தரையில் விழுந்துவிட்டது. அதில் பதினொரு கல்யாணங்களின் படங்கள். ஒன்பது குடும்பங்களுக்கு ஆல்பம் கொடுத்தாகிவிட்டது. இரண்டு குடும்பங்களுக்கு இன்னும் கொடுக்கவில்லை. விழுந்தபின் முதல் தடவை செருகியபோது ‘ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது; வேண்டாம் என்று கொடுத்துவிட்டார்கள். இப்போது செருகினால் ஆறேழு முறை ‘டிக்… டிக்…’ என்று தட்டிவிட்டு நின்றுபோகிறது. கணவர் ஒரு ராத்திரி முழுக்க ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓடவிட்டும் 0 சதவீதத்தைத் தாண்டவில்லை. கொழுந்தனார் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்கிறார். ஊர்க் கடைக்காரர் டிஸ்க்கின் அடியில் உள்ள சர்க்யூட் போர்டை மாற்றித் தருகிறேன், 2,500 ரூபாய் என்கிறார். டேட்டா மீட்டுத் தரும் நகரத்து லேப் ஒன்று 28,000 சொல்லியிருக்கிறது. ‘அவ்வளவு பணம் உடனே புரட்ட முடியாது. ஆனால் நாளாக நாளாக டேட்டா அழிந்துபோகும் என்கிறார்களே’ என்று கேட்கிறார்.

கூடவே இன்னொரு சங்கதி. ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பழைய 1 டிபி டிஸ்க்கில் சில கல்யாணங்களின் பேக்கப் இருக்கிறது. அதுவும் இப்போது ஆமை வேகம். ஃபோல்டரைத் திறந்தால் கம்ப்யூட்டரே உறைந்துவிடுகிறது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் மஞ்சள் நிறம் காட்டுகிறது. சி5 என்ற வரியில் கடைசியாக ‘1ஏ8’ என்று இருக்கிறது. விண்டோஸில் டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையைப் போடலாமா என்பது இரண்டாவது கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் பதற்றத்தைக் கொஞ்சம் குறைக்கிறேன். கரண்ட் கொடுக்காமல் வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் டேட்டா நாளுக்கு நாள் கரையாது. தட்டின் மேல் காந்தப் பதிவாக இருப்பது, ஈரமும் அதிர்ச்சியும் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் அப்படியேதான் இருக்கும். பணம் சேர இரண்டு மாதம் ஆகுமென்றால் ஆகட்டும். உங்கள் டிஸ்க்குக்கு நாள் கணக்கு கிடையாது, செருகும் கணக்குதான் உண்டு. ஒவ்வொரு முறை செருகும்போதும் வாய்ப்பு குறைகிறது. ஆகவே அதைக் கழற்றி, ஒரு துணியில் சுற்றி, பீரோவில் வையுங்கள். ‘ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாமே’ என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

உங்களிடம் இருக்கும் இரண்டு டிஸ்க்குக்கும் நோய் வேறு. விழுந்தது மெக்கானிக்கல் கோளாறு. அதில் நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது எதுவுமில்லை. மற்றது செக்டார் (டேட்டா பதியும் சிறு கட்டம்) கெட்டுப்போகும் கோளாறு. கவனமாகச் செய்தால் அதிலிருந்து பெரும்பகுதியை நீங்களே எடுத்துவிடலாம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் என்று நினைப்பதில்தான் பலருக்கும் டேட்டா போகிறது.

விழுந்த டிஸ்க்கில் என்ன நடந்திருக்கிறது

போர்ட்டபிள் டிஸ்க்குக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. 2 டிபி என்றால் பெரும்பாலும் இரண்டு தட்டு, அவற்றில் படித்து எழுதும் நான்கு ஹெட். தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். அதன் விளிம்பு மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. ஹெட் அந்தத் தட்டைத் தொடுவதில்லை, சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர் என்று நினைத்துப் பார்த்தால் அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று புரியும். ஓய்வில் இருக்கும் டிஸ்க் விழுந்தால் ஹெட் ஓரத்துச் சரிவில் பத்திரமாக ஒதுங்கியிருக்கும். உங்களுடையது ஓடும்போது விழுந்தது. ஹெட் தட்டில் மோதியிருக்கிறது.

அந்த ‘டிக்’ சத்தம் இப்படி வருகிறது. கரண்ட் வந்ததும் ஹெட் தட்டின் மேல் நகர்ந்து, தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் குறிகளைத் தேடும். ஹெட் கெட்டிருந்தால் குறி தெரியாது. தெரியாததால் கை பின்னால் போய்த் தடுப்பில் இடித்து மறுபடி தேடும். ஆறேழு முறை இடித்தபின் டிஸ்க் தானாக நின்றுவிடுகிறது. (சத்தமே தட்டுவதாக இல்லாமல், மெல்லிய ‘பீப்’ போல வந்தால் ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டு மோட்டார் சுற்ற முடியாமல் திணறுகிறது என்று பொருள். சத்தமே இல்லையென்றால் சந்தேகம் போர்டின் மேல் போகும். லேபுக்குக் கொடுக்கும்போது எந்தச் சத்தம் என்று சரியாகச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்வதற்காக மறுபடி செருக வேண்டாம்.)

இப்போது சாஃப்ட்வேர் ஏன் 0 சதவீதத்தில் நின்றது என்பது விளங்கும். ரெக்கவரி சாஃப்ட்வேர் டிஸ்க்கைப் பார்த்து ‘இந்த செக்டாரைக் கொடு’ என்று கேட்கும், அவ்வளவுதான். படிக்கும் ஹெட்டே இல்லாதபோது எந்த சாஃப்ட்வேரும், எத்தனை விலை கொடுத்து வாங்கியதும், ஒன்றும் செய்ய முடியாது. அந்த ராத்திரி முழுக்க, வளைந்த ஹெட் தட்டைச் சுரண்டியிருக்க வாய்ப்புண்டு. நடந்ததற்காக உங்கள் கணவரைக் குறை சொல்லாதீர்கள். படங்களை மீட்க வேண்டும் என்ற தவிப்பில் எல்லாரும் செய்வதுதான். இனி வேண்டாம் என்பதே முக்கியம்.

ஃபார்மேட் கேட்டபோது வேண்டாம் என்றது நல்ல முடிவு. கம்ப்யூட்டர் ஃபார்மேட் கேட்பதற்கு ‘டிஸ்க் காலி’ என்று அர்த்தமில்லை. ‘இதிலுள்ள பட்டியலை என்னால் படிக்க முடியவில்லை’ என்று அர்த்தம். விண்டோஸ் விஸ்டாவிலும் அதற்குப் பின் வந்த விண்டோஸ்களிலும் முழு ஃபார்மேட் கொடுத்தால் டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதப்படும். அதன் பிறகு எந்த லேபும் உதவ முடியாது.

ஃப்ரிட்ஜ் யோசனை மிகப் பழைய டிஸ்க்குகளில், பேரிங் இறுகிப்போன சிலவற்றில், தற்செயலாகப் பலித்ததை வைத்து இன்றும் சுற்றிவருகிறது. குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் சோடா பாட்டில் வியர்ப்பது போல உள்ளேயும் ஈரம் படியும். டிஸ்க்கின் மூடியில் ‘மூடாதீர்கள்’ என்று எழுதிய சின்னத் துளை இருக்கிறதே, காற்று அதன் வழியே உள்ளே போய்வருகிறது. நானோமீட்டர் இடைவெளியில் ஓட வேண்டிய ஹெட்டுக்கு ஒரு துளி ஈரம் மலை. கொழுந்தனாரிடம் நல்லபடியாகச் சொல்லிவிடுங்கள்.

2,500 ரூபாய் போர்டும் 28,000 ரூபாய் லேபும்

போர்டு மாற்றுவது பொய் வைத்தியமில்லை, உங்கள் நோய்க்கான வைத்தியமில்லை. தவறான அடாப்டர் செருகி, டிஸ்க் மூச்சே விடாமல் கிடந்தால் போர்டைப் பார்ப்பதில் நியாயம் உண்டு. அப்போதும் அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொழிற்சாலையில் அதன் ஹெட்டுக்கு ஏற்றபடி எடுத்த அளவுகள் போர்டில் உள்ள எட்டுக்கால் சிப் ஒன்றில் பதிந்திருக்கும். அந்த சிப்பைப் பழைய போர்டிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். சிலவற்றில் அது தனி சிப்பாகக்கூட இருக்காது. அதை மாற்றாமல் வேறு போர்டை மாட்டி ஓட்டினால் நல்ல டிஸ்க்கும் தட்ட ஆரம்பிக்கும். உங்கள் டிஸ்க் சுற்றுகிறது, தட்டுகிறது. ஆக போர்டு வேலை செய்கிறது. கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் டிஸ்க்கை நேரடியாக கம்ப்யூட்டரில் மாட்டலாம் என்றும் யாராவது சொல்வார்கள். பல போர்ட்டபிள் டிஸ்க்குகளில் யுஎஸ்பி முனை போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சில மாடல்களில் நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் டேட்டா பூட்டிய வடிவில்தான் எழுதப்படும். திறக்கும் சாவி அந்தப் போர்டோடு சேர்ந்தது. அதனால் பழைய போர்டை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடக்கூடாது.

லேப் ஏன் அவ்வளவு கேட்கிறது? அவர்கள் உங்கள் டிஸ்க்கோடு பொருந்தும் இன்னொரு டிஸ்க்கை விலைக்கு வாங்கி, அதன் ஹெட்டைப் பிடுங்கி உங்களுடையதில் வைக்க வேண்டும். மாடல், ஹெட் எண்ணிக்கை, தயாரித்த காலம், தயாரித்த இடம் எல்லாம் கூடுமானவரை ஒத்துப்போக வேண்டும். தூசு வடிகட்டிய காற்று ஓடும் மேஜையில், ஹெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சீப்பு போன்ற கருவியால் பிரித்துப் பிடித்து மாற்ற வேண்டும். பிறகு பிசி-3000 போன்ற கருவியில், நல்ல ஹெட் படிக்கும் பகுதியை முதலில், பலவீனமானதைக் கடைசியில் என்று படியெடுக்க வேண்டும். இதில் வாங்கிய டிஸ்க் வீணாகும். சில நேரம் இரண்டு வீணாகும். உங்களுடைய அளவில் வரும் டிஸ்க்குகள் பலவும் ஓட்டுக்கூரை போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் படிய எழுதும் வகை; அவற்றில் எது எங்கே என்ற உள் அட்டவணை கெட்டிருந்தால் வேலை இன்னும் கூடும்.

உறுதி எதுவும் என்னால் தர முடியாது. லேபில் மூடியைத் திறந்து பார்க்கும்போது தட்டில் வளையமாகக் கீறல் இருந்தால் கீறிய இடத்தில் இருந்த படம் போனதுதான். கீறல் இல்லையென்றால் பெரும்பகுதி வர வாய்ப்பு அதிகம்.

லேபுக்குக் கொடுக்குமுன் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்:

– பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் உண்டா? வேண்டாமென்று திரும்ப வாங்கினால் எவ்வளவு?
– டேட்டா வராவிட்டால் என்ன கட்ட வேண்டும்? ஹெட்டுக்காக வாங்கும் டிஸ்க்கின் விலை தனியா, 28,000-க்குள் அடங்கியதா?
– பாதிதான் வந்தால்? உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டு கல்யாண ஃபோல்டர். மற்ற ஒன்பதும் வந்து அவை வராவிட்டால் முழுத் தொகை கட்ட வேண்டுமா? (இதை மறக்காமல் கேளுங்கள்.)
– பணம் கட்டுமுன் ஃபைல் பட்டியலும், சில படங்களைத் திறந்தும் காட்டுவார்களா?
– மீட்ட படியை அவர்கள் எத்தனை நாளில் அழிப்பார்கள்?

டிஸ்க்கின் சீரியல் எண்ணை எழுதிய ரசீது வாங்குங்கள். பில் தர மறுப்பதும், நம்பிக் கொடுத்த சொந்த விவரங்களைப் பிறருக்குக் கொடுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்லப்பட்டிருக்கின்றன. அதில் இருப்பது பிறர் வீட்டுப் பெண்களின், குழந்தைகளின் படங்கள். நீங்கள் கறாராக இருப்பதில் தப்பே இல்லை.

வாரண்டி இருக்கிறதே என்று எழுதியிருந்தீர்கள். வாரண்டி டிஸ்க்குக்கு மட்டும்தான், உள்ளிருக்கும் டேட்டாவுக்கு இல்லை. கொடுத்தால் வேறு டிஸ்க் தருவார்கள், உங்களுடையது திரும்ப வராது. கீழே விழுந்தது வாரண்டியில் பொதுவாகச் சேராது. படங்கள் கைக்கு வரும்வரை சர்வீஸ் சென்டர் பக்கம் போகாதீர்கள்.

பணம் கட்டுமுன் தேட வேண்டிய இடங்கள்

பதினொரு கல்யாணத்தையும் மீட்க வேண்டியதில்லை, இரண்டுதான் அவசரம். அந்த இரண்டின் படங்கள் வேறு எங்கெல்லாம் கால்தடம் விட்டிருக்கும் என்று உட்கார்ந்து யோசியுங்கள்.

முதல் இடம், மெமரி கார்டு. அந்த இரண்டு கல்யாணத்திலும் ஓடிய கார்டுகளைத் தேடி எடுத்து, பக்கவாட்டில் உள்ள பூட்டுப் பொத்தானை ‘லாக்’ பக்கம் தள்ளுங்கள். இனி அவற்றில் ஒரு படமும் எடுக்காதீர்கள். கேமராவில் சாதாரணமாக ஃபார்மேட் செய்தால் பட்டியல்தான் போகும், படம் போகாது. (‘லோ லெவல் ஃபார்மேட்’ கட்டத்தில் டிக் செய்யும் பழக்கம் இருந்தால் நம்பிக்கை குறைவு.) அடுத்த நிகழ்ச்சிக்கு அதே கார்டைப் போட்டிருந்தாலும் விட்டுவிடாதீர்கள்: கார்டு பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்தே நிரம்பும். 64 ஜிபி கார்டில் பின்னால் எடுத்த வளைகாப்பு 20 ஜிபிதான் பிடித்தது என்றால், மீதி இடத்தில் முகூர்த்தப் படங்கள் அப்படியே கிடக்கலாம். போட்டோரெக் என்ற இலவச சாஃப்ட்வேர் அவற்றைத் தோண்டி எடுக்கும். எடுப்பதைக் கார்டிலேயே சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். ஃபைல் பெயர்கள் வராது, ரா படங்கள் (கேமராவின் மூலப் படங்கள்) நன்றாக வரும். வீடியோ துண்டு துண்டாக எழுதப்பட்டிருந்தால் சரியாக ஓடாமல் போகலாம்.

இரண்டாவது, எடிட் செய்யும் கம்ப்யூட்டர். லைட்ரூம் கிளாசிக் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் வேலை செய்திருந்தால், ரா ஃபைல் போர்ட்டபிளில் இருந்தாலும், கேட்டலாக் என்ற அதன் படப் பட்டியல் பெரும்பாலும் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். அதைத் திறக்குமுன் அந்த ஃபோல்டரை முழுதாக வேறிடத்துக்குக் காப்பி செய்யுங்கள். காரணம், முழு அளவு பிரிவ்யூக்களை 30 நாளில் தானாக அழிக்கும்படி அதன் வழக்கமான அமைப்பு இருக்கிறது. ஸ்மார்ட் பிரிவ்யூ உருவாக்கியிருந்தால் உங்களுக்கு யோகம்: நீளப் பக்கம் 2,560 பிக்சல் உள்ள படங்கள், ஒரிஜினல் இல்லாமலே அவற்றை எக்ஸ்போர்ட் செய்யலாம். 12×36 ஷீட்டில் முழுப் பக்கம் வைக்க அது போதாது. ஒரு பக்கத்தில் ஆறேழு படம் வைக்கும் இடங்களுக்குத் தாராளமாகப் போதும்.

மூன்றாவது, வெளியே போன படங்கள். தேர்வுக்காகக் குடும்பத்துக்கு அனுப்பிய கூகுள் டிரைவ் லிங்க், டிசைனருக்குக் கொடுத்த பென்டிரைவ், பிரிண்ட் லேபுக்குப் போன மாதிரி ஷீட், உங்களோடு வந்த கேண்டிட் போட்டோகிராஃபரின் லேப்டாப். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பியிருந்தால் முழு அளவிலேயே இருக்கும்.

பழைய 1 டிபி டிஸ்க்: இதை நீங்களே செய்யலாம்

சி5 வரியில் உள்ள ‘1ஏ8’ என்பது பதினாறை அடியாகக் கொண்ட எண். நம் கணக்கில் 424. படிக்க முடியாமல் தவிக்கும் செக்டார் 424 என்று டிஸ்க் சொல்கிறது. ஒரு செக்டார் 512 பைட் என்று வைத்தால் மொத்தம் 217 கேபி சொச்சம். 1 டிபியில் அது கடலில் ஒரு குடம். (டிஸ்க் தொட்டுப் பார்த்த இடங்களில் கண்டவை மட்டுமே இவை, தொடாத இடத்தில் இன்னும் இருக்கலாம்.) செக்டிஸ்க் மட்டும் போடவே போடாதீர்கள். அதன் வேலை ஃபைல் பட்டியலைச் சீராக்குவது, உங்கள் படத்தைக் காப்பது அல்ல. படிக்க முடியாத பட்டியல் வரிகளை அது வெட்டிவிடும். ஃபோல்டர் காணாமல் போய், பெயரில்லாத துண்டுகளாக வேறெங்கோ கிடக்கும்.

செய்ய வேண்டியது, முழு டிஸ்க்கையும் செக்டார் செக்டாராக ஒரே இமேஜ் ஃபைலாகப் படியெடுப்பது. பிறகு தேடுவதெல்லாம் அந்தப் படியில்தான். அதற்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸ் கருவி இருக்கிறது. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற பென்டிரைவ் லினக்ஸில் அது தயாராகவே வரும். உபுண்டுவில் நிறுவினால் ‘ஜிடிடிரெஸ்க்யூ’ என்ற பெயரில் தேடுங்கள்.

புதிதாக ஒரு 2 டிபி டிஸ்க் வாங்குங்கள். அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டாம், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் எழுத முடியாது. பழையதை யுஎஸ்பி பெட்டியில் போடாமல் மதர்போர்டின் சாட்டா வயரிலேயே விடுங்கள். பக்கத்து மூடியைக் கழற்றி ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள். சூடு ஏறினால் பலவீனமான ஹெட் இன்னும் தடுமாறும். லினக்ஸில் பழைய டிஸ்க்கைக் கிளிக் செய்து திறந்து பார்க்க வேண்டாம்.

டிடிரெஸ்க்யூவுக்கு மூன்று பெயர் கொடுக்க வேண்டும்: எங்கிருந்து, எங்கே, மேப் ஃபைல் எங்கே. முதல் இரண்டும் இடம் மாறினால் காலி டிஸ்க்கின் சரக்கு பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். ஆகவே அளவையும் சீரியல் எண்ணையும் காகிதத்தில் எழுதி, இரண்டு பேர் சரிபார்த்தபின் என்டர் தட்டுங்கள். மேப் ஃபைலையும் புதிய டிஸ்க்கிலேயே வையுங்கள். எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு அதில் இருக்கிறது. நடுவில் கரண்ட் போனால் அதே கட்டளையை மறுபடி கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

முதல் சுற்றை ‘மைனஸ் என்’ குறியோடு ஓட்டுங்கள். நன்றாகப் படியும் இடங்களை எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போகும். ஆரோக்கியமான 1 டிபி, விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். உங்களுடையது ஒரு நாளோ மூன்று நாளோ எடுக்கலாம். அது முடிந்தபின் அந்தக் குறியை எடுத்துவிட்டு, கெட்ட இடங்களை மூன்று முறை முயலச் சொல்லி இரண்டாவது சுற்று. நடுவில் ‘டிக்’ சத்தம் கேட்டால் அந்த நொடியே நிறுத்திவிட்டு, இதையும் லேப் கணக்கில் சேருங்கள்.

படி முடிந்ததும் டெஸ்ட்டிஸ்க், டிஎம்டிஇ, ஆர்-ஸ்டூடியோ ஏதாவது ஒன்றில் இமேஜைத் திறந்து ஃபோல்டர்களை வெளியே எடுக்கலாம். சில படங்களில் ஒரு கோடுக்குக் கீழே நிறம் மாறியோ சாம்பல் பூசியோ இருக்கும். கெட்ட செக்டார் அந்தப் படத்தில் விழுந்திருக்கிறது. அடுத்த ஷாட்டைப் பாருங்கள். கல்யாணத்தில் ஒரே காட்சியை நான்கு முறை அழுத்தியிருப்பீர்கள்.

இனி, அந்த இரண்டு குடும்பம்

சொல்லாமல் சமாளிக்கலாமா என்று தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். சொல்லிவிடுங்கள், இந்த வாரமே. மறைப்பது தப்பு என்பதோடு, இதில் ஒரு தொழில் காரணமும் இருக்கிறது. அன்று மண்டபத்துக்கு வந்த அத்தை, சித்தப்பா பிள்ளைகள், மாப்பிள்ளையின் தோழர்கள் எல்லார் போனிலும் தாலி கட்டும் நேரத்துப் படமும் வீடியோவும் இருக்கின்றன. போன் நிரம்பி அவர்கள் அழிக்குமுன் கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் சொன்னால்தான் அந்தக் குடும்பம் கேட்க முடியும். ‘டிஸ்க் விழுந்துவிட்டது, லேபுக்குக் கொடுக்கப் போகிறோம், வருவதும் வராமல் போவதும் அவர்கள் திறந்து பார்த்தால்தான் தெரியும், இதற்கிடையே கார்டிலிருந்து இத்தனை படம் எடுத்துவிட்டோம்’ என்று எண்ணிக்கையோடு நேரில் போய்ச் சொல்லுங்கள். அதனால் முதல் வேலை கார்டு. இன்று இரவே எல்லாவற்றையும் லாக் செய்து ஒரு டப்பாவில் போடுங்கள்.